சால்னா டப்பாவில் வைத்த கண்ணாடி

ஜூலை 6, ஞாயிறு

மழை. மூலையில் ஓடு ஒழுகுகிறது, கீழே வாளி. சுக்கு குடோன் லீவு.

இந்த டைரி குடோன் முதலாளி வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. அஞ்சாம் கிளாஸ்காரிக்கு டைரியா என்று அவர் சிரித்தார். அப்படியே கிடந்தது. இப்போது வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் இது.

காலையில் சாயா போட்டேன். இரண்டு கிளாஸ் எடுத்து இரண்டிலும் ஊற்றினேன். அப்புறம்தான் உறைத்தது. கொட்ட மனசு வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

இன்னும் நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர். ஹோட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர். அப்படியே மாவின் மேல் சாய்ந்துவிட்டார் என்றார்கள். கூட நின்றவர்கள் விளையாடுகிறார் என்று நினைத்தார்களாம். விளையாடுகிற ஆள்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நகத்துக்குள் மாவு காய்ந்திருந்தது. நான்தான் வெந்நீர் வைத்துக் கழுவினேன். ஒவ்வொரு விரலாக. கொஞ்சம்கூட இருக்கக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

மத்தியானம் கட்டிலுக்கு அடியில் இருந்து அவருடைய அட்டைப்பெட்டியை இழுத்தேன். உள்ளே ஹோவர்கிராஃப்ட். பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கும் வண்டி. தண்ணீரிலும் போகும், தரையிலும் போகும். அடியில் கறுப்பு ரப்பரில் பெரிய பாவாடை, அதில் காற்றை ஊதி மிதக்குமாம். இது அதன் சின்ன உருவம், பிளாஸ்டிக். நிஜத்தை எழுபத்திரண்டு பங்கு போட்டால் இது ஒரு பங்கு என்பார். ஜூ டவுனில், பழைய யூதர் தெருவில், பழைய சாமான் கடையில் வாங்கியது. பெட்டி மேல் என்ன பாஷை என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் ஒரு தடவை நிஜத்தையே பார்த்துவிட்டு வந்தார். தலை, காது, சட்டைப் பை எல்லாம் மணல். "கடல்ல வந்துச்சு செல்வி. கரை வந்ததும் நிக்கும்னு பாத்தேன். நிக்கவே இல்ல. அதே வேகத்துல மணல்ல ஏறிப் போயிருச்சு." சாப்பிடும்போதும் அதே பேச்சு. தூங்கும்வரை அதே பேச்சு.

ஜூலை 8, செவ்வாய்

குடோனுக்குப் போனேன். சுக்குத் தூசியில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும். யாரும் என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. நல்லது.

சாயங்காலம் ஜோஸ் சேட்டன் வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர். என் வீட்டுக்காரர் கையால் பரோட்டா சாப்பிட்டுப் பழக்கமானவர். இந்த மாதிரி கப்பல், விமானம் ஒட்டுகிற பைத்தியத்தை என் வீட்டுக்காரருக்குப் பிடிக்க வைத்ததே சேட்டன்தான். அவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். இருபதாம் தேதி ஞாயிறு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹாலில் மேஜை போட்டு, செய்ததை எல்லாம் பார்வைக்கு வைக்கப் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் தன் பெயரை முன்னாலேயே கொடுத்திருந்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

பெட்டியைக் கொடு, நானே முடித்து அவன் பெயரில் வைக்கிறேன் என்றார் சேட்டன். தருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் செய்றேன் சேட்டா."

"மோளே, நீயா?"

"சுக்குல புழு விழுந்தது எது, விழாதது எதுன்னு பிரிக்கிற கண்ணு இது. சொல்லிக் குடுங்க, செய்றேன்."

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் எதுவரை செய்திருக்கிறார் என்று சேட்டன் பிரித்துக் காட்டினார். உடம்பு ஒட்டியாகிவிட்டது. பின்பக்கம் காற்றாடி ஒட்டவேண்டும். ஓட்டுகிறவர் ரூமுக்கு ஜன்னல் கண்ணாடி, இடது ஒன்று வலது ஒன்று. அப்புறம் பெயிண்ட். கண்ணாடியைக் கடைசியில்தான் வைக்கவேண்டும்.

அந்தக் கண்ணாடி இரண்டும் போவதற்கு முந்தின நாள் அவர் வெட்டி எடுத்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, பாரு, தண்ணி மாதிரி இருக்கு என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சரியாகப் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

ரேஷன் கடை. அரிசி உண்டு, மண்ணெண்ணெய் இல்லை.

விரல் வைக்கிற மெஷினில் என் பெருவிரல் ஒரே தடவையில் எடுத்துவிட்டது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "உங்க வீட்டுச் சேட்டன் விரல மட்டும் இந்த மெஷின் ஒரு நாளும் எடுத்ததில்லல்லோ." நிஜம். வருஷக்கணக்காகச் சுடு கல்லில் தட்டித் தட்டி ரேகை தேய்ந்துபோன கை. எத்தனை தடவை வைத்தாலும் சிவப்பு லைட். "நான் இந்த உலகத்துல இல்லாத ஆளு சாரே, என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரிவேன்" என்பார். வரிசையே சிரிக்கும்.

இன்றைக்கு வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அரிசியை வாங்கிக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன். பையில் ஓட்டை, வழியெல்லாம் அரிசி.

ஜூலை 10, வியாழன்

அடைமழை.

அவர் வைத்திருந்த பசை பாட்டிலில் காய்ந்துவிட்டது. மூலைக் கடையில் செருப்பு ஒட்டுகிற பசை வாங்கினேன், சின்ன டியூப், தொட்டால் ஒட்டிக்கொள்வது. காற்றாடி இரண்டுக்கும் இறக்கைகளை ஒட்டினேன். என் விரலும் விரலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ரசியா இத்தாத்தா வந்து தேங்காயெண்ணெய் விட்டுப் பிரித்தாள். திட்டிக்கொண்டே கஞ்சியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஓடு ஒழுகுகிறது, போதாததற்குக் கரப்பான். காற்றாடி, கண்ணாடி எல்லாவற்றையும் அவருடைய சால்னா டப்பாவில் வைத்து மூடினேன். ஹோட்டலில் இருந்து எனக்குச் சால்னா கொண்டுவருகிற டப்பா. மூடி அவ்வளவு இறுக்கம், ஒரு சொட்டு வெளியே வராது. பசை ஈரம் காயட்டும் என்று அடுப்புத் திட்டில் வைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் டப்பாவைத் திறந்தேன். காரமான நெடி. கண்ணாடி இரண்டும் வெள்ளையாக, மாவு படிந்த மாதிரி. கெடுத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வலதுபக்கத்தை எடுத்துச் சேலையில் துடைத்தேன், போகவில்லை. ஃபோன் கண்ணாடிக்கு அவர் செய்வதுபோல் பல்பசை வைத்துத் தேய்த்தேன். போய்விட்டது. பளபள என்று ஆனது. சந்தோஷம்.

அடுத்து இடதுபக்கத்தை எடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

விரல். ஒரு பெருவிரல். வெள்ளையாக, வரி வரியாக. அங்கங்கே தேய்ந்து, ஓரத்தில் மட்டும் நன்றாக. நடுவில் குறுக்கே ஒரு கோடு, சாய்வாக.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். பரோட்டாக் கல்லைச் சுரண்டுகிற தகடு வழுக்கி வெட்டின காயம். மஞ்சள் வைத்துக் கட்டினது நான்.

கீழே உட்கார்ந்துவிட்டேன். என் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது சின்னது, கோடு கிடையாது. நான் அந்தக் கண்ணாடியை ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தேன். அவர் விரல்தான்.

எல்லாம் கழுவினேனே. ஒவ்வொரு விரலாகக் கழுவினேனே.

அப்புறம்தான் வலதுபக்கம் ஞாபகம் வந்தது. அதிலும் இருந்திருக்குமே. இரண்டு கையாலும்தானே பிடித்துப் பார்த்தார். பல்பசை போட்டுத் தேய்த்து, சிரித்துக்கொண்டே, நானே.

குடோனுக்குப் போகவில்லை.

ஜூலை 12, சனி

சோறு வைக்கவில்லை. இத்தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாரிடமாவது காட்டவேண்டியிருந்தது. எனக்கு மட்டும் தெரிகிறதோ என்று பயம். மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள். "படச்சோனே," என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். என் வீட்டில் மீன் வாங்கவே இல்லை. தன் வீட்டு மீனை எடுத்துக்கொண்டு வந்து ஆய்ந்தாள்.

எனக்கும் தெரிகிறது, அவளுக்கும் தெரிகிறது. அப்படியென்றால் இருக்கிறது.

திருப்பூரில் இருந்து மகள் ஃபோன். ரூமைக் காலி பண்ணிவிட்டு வந்துவிடு என்கிறாள். சரி பார்க்கலாம் என்றேன். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. ஃபோனில் எப்படிச் சொல்வது.

ஜூலை 13, ஞாயிறு

ஜோஸ் சேட்டன் பெயிண்டோடு வந்தார். சாம்பல் நிறம் இரண்டு, கறுப்பு ஒன்று, பிரஷ் நாலு. சாப்பிடச் சொன்னேன், கப்பைக் கிழங்கு சாப்பிட்டார்.

கண்ணாடியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல்தான் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார். சாரமில்லை, பரவாயில்லை, புதுசாகச் செய்கிற எல்லாருக்கும் வருகிற தப்பு என்றார். அந்தச் செருப்புப் பசையில் இருந்து ஒரு ஆவி வருமாம். மூடின டப்பாவில், அதுவும் இந்த ஈரத்தில், கண்ணாடியில் படிந்துவிடுமாம். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் அதிகமாகப் படியுமாம். திருடன் கைரேகை எடுக்கப் போலீஸ்காரர்களும் இதே புகையைத்தான் பிடிப்பார்களாம். பேசிக்கொண்டே பையில் இருந்து துணியை எடுத்துவிட்டார்.

கையைப் பிடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய மனிதர் கையை.

"தொடாதீங்க. அது அவர்."

சேட்டன் கண்ணாடியைத் திரும்ப எடுக்கவில்லை. அது மேஜையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். கோட்டைக் காட்டினேன். அவருக்கும் அந்தக் காயம் தெரியும், பரோட்டா வைக்கும்போது பார்த்திருப்பார். துணியை மடித்துப் பையில் வைத்தார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். ஹாலில் வைப்பது வெறும் வேடிக்கை இல்லை, வேலை தெரிந்தவர்கள் வந்து பார்ப்பார்கள், பக்கத்தில் செய்தவர் பெயர் எழுதின அட்டை இருக்கும். கண்ணாடி இப்படி இருந்தால், செய்தவனுக்குப் பசை பிடிக்கத் தெரியவில்லை என்பார்கள். "அட்டையில அவன் பேரல்லே மோளே எழுதியிருக்கு. அவன் இந்தத் தப்பு செய்யமாட்டான்."

அது என் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. விரலை வைத்தால் பெயர் கெடும். பெயரைக் காப்பாற்றினால் விரல் போகும்.

நாலு நாள் டைம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை வைத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்கு அதுதானாம்.

ஜூலை 15, செவ்வாய்

வேலைக்குப் போய் வந்து காற்றாடியைப் பின்பக்கம் பொருத்தினேன், அப்புறம் பெயிண்ட். உடம்புக்கு வெளிர் சாம்பல், மேல்தட்டுக்கு அடர் சாம்பல். சேட்டன் சொன்னபடி மெலிசாக, ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது. மழையில் காயவே மாட்டேன் என்கிறது. விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தேன்.

பாவாடைக்குக் கறுப்பு. மடிப்பு மடிப்பாக இருக்கிறது, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பிரஷ் நுனி போகவேண்டும். புடவைக் கொசுவம் மாதிரி. அவர் இருந்தால் இதை வைத்து ஏதாவது கேலி சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அவர் கேலி எனக்கு முன்னாலேயே தெரிந்ததே இல்லை.

இத்தாத்தா எட்டிப் பார்த்து, கொள்ளாம், நல்லா இருக்கு, ஆனால் பாத்திரம் கழுவு முதலில் என்றாள்.

ஜூலை 17, வியாழன்

பெயிண்ட் முடிந்தது. பின்பக்கம் ஒரு இடத்தில் பிரஷ் முடி ஒட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். பாவாடை ஓரத்தில் கொஞ்சம் மண் நிறம். நானே சேர்த்தது. மணலில் ஏறினதுதானே.

சேட்டன் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார், சும்மா சொல்கிற ஆள் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

இரண்டு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன். "தப்பு பண்ணினது நான். அப்போ அட்டையில என் பேரையும் எழுதுங்க. யாராவது கேட்டா, கண்ணாடி வச்சது பொண்டாட்டின்னு சொல்லுங்க. அவருக்கு ஒரு குறையும் வராது."

சேட்டன் சட்டைப் பையில் இருந்து பேனா எடுத்து என் பெயரை எப்படி எழுதணும் என்று கேட்டார். செல்வி, அவ்வளவுதான் என்றேன்.

இடதுபக்கக் கண்ணாடியை அவர் முன்னாலேயே வைத்தேன். வெள்ளைப் பசை, குண்டூசி முனை அளவு. ஓரத்தை மட்டும் பிடித்து. மூச்சு விடவில்லை. உட்கார்ந்தது. ஓட்டுகிறவர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கை மட்டும்.

வலதுபக்கம் வைக்கலாம் என்றார் சேட்டன். பசை காயட்டும், அப்புறம் வைக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அதைத் திருப்பி வைக்கலாம் என்றார்.

ஜூலை 19, சனி

மழை விட்டிருக்கிறது. நாளைக் காலை சேட்டன் ஆட்டோ கொண்டுவருகிறார்.

மத்தியானம் வரை வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பளபள என்று. நான் தேய்த்த பளபளப்பு. அதை அப்படியே வைக்க மனசு வரவில்லை.

தலையில் விரலைத் தேய்த்தேன், நேற்று வைத்த எண்ணெய் இருந்தது. கண்ணாடியில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

சால்னா டப்பா. மூடிக்குள் அந்தச் செருப்புப் பசை ரெண்டு சொட்டு. கண்ணாடியை உள்ளே வைத்து இறுக்கி மூடினேன். அடுப்புத் திட்டில் அதே இடம்.

சாயா போட்டேன். ஒரு கிளாஸ்.

இன்னும் திறக்கவில்லை.