கால்வாயின் தென்கரை வெற்றிடம் அல்ல

அனுப்புநர்:
அரசுப் பள்ளிப் புவியியல் ஆசிரியை,
கால்வாய்த் தெருவுக்கு அடுத்த தெரு.

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்,
நகரமைப்பு அலுவலகம்.

பொருள்: புதிய சாலைக்கான வரைபடம் தெளிவின்றிக் காட்சிக்கு வைக்கப்பட்டது, தென்கரை வீடுகள் அதில் வரையப்படாதது, ஆட்சேபணைக் காலத்தை மீண்டும் திறக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தங்கள் அலுவலகத்தில் நேற்று வாங்கிய வரைபட நகலை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று, சூரியன் வரும் திசையைப் பார்த்து நின்றேன். நகலின் மூலையில் உள்ள வடக்கு அம்பு என் இடக்கைப் பக்கத்தைக் காட்டும்வரை தாளைத் திருப்பினேன். தாளின் மேல்விளிம்பு வலக்கைப் பக்கம் போய்விட்டது. படத்தில் தெற்குதான் மேலே இருக்கிறது. தாளில் கால்வாய்க்கு மேல்பக்கமாக வரைந்துள்ள சாலைக் கோடு வடகரைத் திடலில் விழவில்லை. தென்கரையில் உள்ள வீடுகளின் மேல் விழுகிறது.

2. இதை நான் சென்ற மாதமே கண்டிருக்க வேண்டும். வரைபடம் தங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒட்டப்பட்டிருந்தபோது தென்கரைக் குடும்பங்கள் என்னை அழைத்துப் போயின. தையல்காரரின் மனைவி, "டீச்சர், இதுல நம்ம வீடு எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுங்க" என்றார். மேலே இருப்பது வடக்கு என்று எடுத்துக்கொண்டு, வகுப்பில் செய்வதுபோலப் பேனாவை எடுத்துச் சுட்டி, சாலை திடல் வழியாகப் போகிறது, வீடுகளுக்கு ஒன்றுமில்லை என்றேன். யோசித்த நேரம் மிகக் குறைவு. தங்கள் ஊழியர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். தெரிந்தவளாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. "டீச்சரே சொல்லிட்டாங்கள்ல, கெளம்புங்கப்பா. அவங்க வெச்ச கொட்டு எம் பையன் தலையில இன்னும் வீங்கிதான் இருக்கு, அவங்க விரல் தப்பாது" என்றார் சலவைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கவில்லை. கெடு முடிந்தது.

3. தங்கள் அலுவலகத்தின் குறைகளையும் பணிவுடன் சொல்ல வேண்டியுள்ளது. பக்கத்துத் தாளோடு பொருந்துவதற்காகப் படத்தைத் திருப்பி அச்சிட்டதாக எழுத்தர் சொன்னார். அதில் தவறில்லை, வடக்கை மேலே வைப்பது பழக்கமே தவிர விதியல்ல. ஆனால், திசை அம்பு இருந்த மூலையின் மேல் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அன்று நான் கைபேசியில் எடுத்த படத்தில் அம்பின் வால் மட்டும் தாளுக்கு அடியில் தெரிகிறது. ஒரு விரலால் அந்தத் தாளைத் தூக்கியிருந்தால் போதும். திசைக்குறி போடாத மாணவிக்கு அரை மதிப்பெண் குறைப்பவள் நான். அன்று திசை எது என்று கேட்கவே இல்லை.

4. இன்னொன்று இதைவிடப் பெரியது. தென்கரையில், அதாவது கால்வாய்த் தெருவில், ஒரு வீடுகூட வரையப்படவில்லை. திடலும் வெள்ளை, தெருவும் வெள்ளை. இரு முனைகளிலும் பாலம் இருப்பதால் படத்தை எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே தெரிகிறது. வீடுகளை வரைந்திருந்தால் தையல்காரரின் மனைவிக்கு என் பேனா தேவைப்பட்டிருக்காது. ஓர் இடத்தில் மனிதர்கள் ஏன் வந்து தங்கினார்கள் என்று கேட்பதில்தான் மனிதப் புவியியல் தொடங்குகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். சலவைக்காரர் தண்ணீருக்காக வந்தார். அவர் துவைத்ததில் கிழிந்ததைத் தைக்கத் தையல்காரர் வந்தார். கீழைப் பாலத்தைத் தாண்டினால் சந்தை என்பதால் காய்கறி விற்கும் பெண்கள் வந்தார்கள். பாடப்புத்தகத்தில் இப்படியொரு குடியிருப்பு இருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடு போடச் சொல்வேன். பக்கத்துத் தெருவிலேயே இருந்தும், இவர்களை விட்டுவிட்ட படத்தை 'சரி' என்று படித்துக் காட்டினேன்.

5. நேற்று முன்தினம் அளவைப் பணியாளர்கள் வந்து தென்கரை வாசற்படிகளில் சிவப்பு வண்ணக் குறி போட்டார்கள். அன்று மாலையே எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. "நீங்க பாத்தப்ப ரோடு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு டீச்சர்? காசு வாங்கிட்டுப் படத்தையே மாத்திட்டானுங்க. அந்தப் படம் வரையுற ஆளுக்கு வேலை போகணும். நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார் சலவைக்காரர். தையல்காரரின் மனைவி, "டீச்சருக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்று அவரை அடக்கினார். எழுதித் தருகிறேன் என்றேன்.

6. அவர்கள் கேட்ட மனு இதுவல்ல. படம் மாற்றப்படவில்லை. அன்று சுவரில் இருந்ததும் இன்று என் கையில் இருப்பதும் ஒன்றே. கைபேசிப் படத்தின் அச்சை இணைத்துள்ளேன். வரைவாளர் மீது புகார் வந்தால் இதைச் சான்றாகக் கொள்ளவும். அதே சமயம், தென்கரை மக்கள் சம்மதித்துத்தான் வாய்மூடி இருந்தார்கள் என்று கோப்பில் எழுதிவிட வேண்டாம். அவர்கள் என் சொல்லை நம்பினார்கள். என் பிழைக்கு அவர்கள் வீட்டை இழக்கக் கூடாது.

7. ஆகவே, தென்கரை வீடுகளை அளந்து வரைபடத்தில் சேர்த்து, திசை அம்பு கண்ணில் படும்படி கால்வாய்த் தெருவிலேயே காட்சிக்கு வைத்து, விளக்கிச் சொல்ல ஒருவரை அனுப்பி, ஆட்சேபணைக்குப் புதிய கெடு தருமாறு வேண்டுகிறேன். அதுவரை வாசற்படிகளில் கைவைக்காமல் இருக்க ஆணையிட வேண்டும். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். இங்கு எழுதியதையே அங்கும் சொல்வேன்.

8. நாளை மாலை அவர்கள், தாங்கள் கேட்ட மனுவில் கையெழுத்துப் போடத் தையல் கடையில் கூடுகிறார்கள். துணி வெட்டும் மேசையில் இந்த நகலை விரித்து, சூரியன் இறங்கும் பக்கம் பார்த்துச் சரியாகத் திருப்பி வைத்து, படம் மாறவில்லை, நான்தான் தலைகீழாகப் படித்தேன் என்று சொல்லப் போகிறேன். பிறகு பேனாவை அவர்களிடமே கொடுத்து, அவரவர் வீட்டை அந்த வெள்ளையில் வரையச் சொல்வேன். இதை என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
புவியியல் ஆசிரியை

இடம்: கால்வாய்க்குத் தெற்கே
நாள்: வாசலில் குறி போட்ட மூன்றாம் நாள்

இணைப்பு: வரைபட நகலின் ஒளிப்பிரதி, கைபேசிப் படத்தின் அச்சு