மஞ்சள்தானே, சிவப்பு வந்தால் சொல்லு

ஜூலை 21
பஸ் டிக்கெட் மென்பொருளை இன்று ஓட்டியபோது திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை. 'இந்த வரி பழைய முறையில் எழுதப்பட்டது. நிரல்மொழியின் புதிய பதிப்பில் ஓடாது.' சர்வர்காரர்கள் பழைய பதிப்பைச் செப்டம்பர் ஒன்றாம் தேதி தூக்குகிறார்கள். ஓண வாரம். பெங்களூரில் இருக்கும் மலையாளிகள் அத்தனை பேரும் கொச்சிக்கு டிக்கெட் போடும் வாரம். நாள் குறித்த மகராசனுக்குக் கோயில் கட்டலாம்.

மேலாளர் பிஜோய் சாரிடம் சொன்னேன். "மஞ்சள்தானே மோளே? சிவப்பு வந்தா சொல்லு."

ஜூலை 24
ஆபீஸ் சட்டப்படி ஒரு வரி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் சம்மதமில்லாமல் அடுத்தவர் அதைத் திருத்தக் கூடாது. மேசை மேசையாகப் போய்ச் சம்மதம் கேட்டேன். பிச்சை எடுத்திருந்தால் சில்லறையாவது தேறியிருக்கும். பாதி வரிகள் பிஜோய் சாருடையவை. ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்றார்.

ஜூலை 30
பஸ் முதலாளி பார்வையிட வந்தார். மஞ்சள் அசிங்கமாக இருக்கிறதென்று பக்கத்து மேசை ஷிஜின் எச்சரிக்கையையே அணைத்துவிட்டான். என்ன மூளை! சார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 6
எச்சரிக்கையை மறுபடி போட்டேன் — இந்த முறை ஒவ்வொன்றிலும் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரோடு. அடேயப்பா, திடீரென்று எனக்கு எவ்வளவு மரியாதை! மதியத்துக்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம். தங்கள் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். வரியைத் திருத்துகிறேன் என்று ஒருத்தராவது சொல்லணுமே.

ஆகஸ்ட் 11
எல்லாக் கோப்புகளிலும் வரிகளை ஒரே சீராக இடைவெளிவிட்டு அடுக்கித் தரச் சொன்னார் சார். உனக்குத்தான் கை சுத்தம் என்றார். பூரித்துப்போய்ச் செய்தேன். முடித்துப் பார்த்தால் — எல்லா எச்சரிக்கையிலும் என் பெயர். கடைசியாகத் தொட்டது நானாம்.

வேணும்னே பண்ணிருக்காங்க. ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் சிரிப்பு. "மொத்தச் சொத்தும் இப்ப உங்க பேர்லதான், லிஜி சேச்சி"ங்கறான் ஷிஜின். பாத்ரூம்ல போய் அழுதேன். நாசமாப் போங்க எல்லாரும்.

ஆகஸ்ட் 12
இரு. என் பேர்ல இருந்தா என் வரிதானே? இனி யார்கிட்ட சம்மதம் கேக்கணும்?

ஆகஸ்ட் 27
எல்லாம் திருத்தியாயிற்று. சாருடைய பாதியையும் சேர்த்து. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1
பழைய பதிப்பு போய்விட்டது. டிக்கெட் விற்பனை ஒரு விக்கல்கூட இல்லாமல் நடந்தது. பிஜோய் சார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பாத்தியா? ஒண்ணும் ஆகல. ஒரு மாசமா ஊரைக் கூட்டினியே."

செப்டம்பர் 4
உத்ராடம், ஓணத்துக்கு முந்தின நாள். என் ஆண்டு மதிப்பீட்டில் சார் எழுதியிருப்பது: தேவையில்லாமல் பதறுகிறார்.

காலையில் தங்கை பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ்ஸில் ஒரு சீட்கூடக் காலியில்லையாம். "டிக்கெட் ஒரு நிமிஷத்துல கிடைச்சிடுச்சு சேச்சி. அதெல்லாம் தானா ஓடுது. உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை?"

வாசலில் போடும் பூக்களத்துக்குப் பூ கிள்ளச் சொன்னேன் அவளை.