டேப்புகளின் அறை

மே 9, வெள்ளி. சைனிக்புரி.

பழைய வானொலி ஒலிப்பதிவுகளைச் சேகரிப்பவர்கள் இன்று வந்தார்கள். தான் வேலை பார்த்த ரேடியோ ஸ்டேஷனில் தூக்கிப் போட இருந்த டேப்புகளையெல்லாம் என் வீட்டுக்காரர் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவர் போன பிறகும் வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறை அவற்றுக்குத்தான். நான் ஹாலில் வேர்த்துக்கொண்டு படுக்கிறேன். இன்று அவர்கள் அள்ளிக்கொண்டு போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புனேவுக்கு, மகளிடம் போய்விடலாம் என்று பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தேன்.

வந்த பெண் பக்கத்துத் திருமுல்கேரியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். ஒவ்வொரு டேப்பாக எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“நக்கோ ஆன்ட்டி, வேணாம், எங்ககிட்ட குடுக்காதீங்க. எங்க ஆபீஸ் மழைக்கு ஒழுகும். உங்ககிட்ட ஒண்ணுலகூட பூஞ்சை இல்ல. இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். உங்கள மாதிரி யாரு பாத்துப்பாங்க?”

“சரிம்மா, இருக்கட்டும்” என்றது என் வாய்தான். போதாததற்கு ஃபில்டர் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

சற்று முன் கரண்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஃபேன் நின்று முதுகெல்லாம் நனைந்துவிட்டது. ஹால் ஜன்னலை இன்னும் திறக்கவில்லை. குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று அந்த அறைக் கதவைத்தான் முதலில் ஓடிப்போய் இறுக்கச் சாத்தினேன்.