தேனீ வேஷம் போட்ட ஈ

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? மூன்று கடிதம் போட்டால் ஒரு பதில் வருகிறது, போகட்டும். நீங்கள் வருடக்கணக்கில் தேடிய காட்டு ஈ, என் வனக்காவல் எல்லையில் இருக்கிறது! உளுத்த மரத்தின் பொந்தில் தேங்கிய மழைநீரில் அதன் புழுக்கள், வாலையே குழாயாக நீட்டி மூச்சுவிடுகின்றன. நேற்று முட்டையிட ஒரு பெண் ஈயும் வந்தது. தேனீ மாதிரியே உடம்பெல்லாம் ரோமம், கொட்டத்தான் தெரியாது. படங்கள் இத்துடன்.

அடுத்த மாதம் அந்த மரங்களை வெட்டுகிறார்கள். அரிய இனம் என்று அருங்காட்சியகத்திலிருந்து நீங்கள் சான்று தந்தால் நிறுத்திவிடலாம்.

அன்புத் தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

காக்கி போட்டவர்களெல்லாம் பூச்சி நிபுணர் என்றால், முப்பது வருடமாக நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டா இருக்கிறேன்? படமெல்லாம் சாட்சி ஆகாது. ஒன்றைக் கொன்று ஊசியில் குத்தி அனுப்பு, இல்லையென்றால் வாயை மூடு. நேரில் வரச்சொல்லிக் கெஞ்சாதே. ஈக்குப் பிரசவம் பார்க்க நான் பஸ் ஏறுவதாக இல்லை.

அண்ணன்

மார்ச் 20

அண்ணாவுக்கு,

கேட்டது பெட்டியில் இருக்கிறது.

தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

லென்ஸில் பார்த்தேன், அதே இனம்தான். சான்றிதழ் இத்துடன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உன் திறமை என்று நினைத்துவிடாதே.

அண்ணன்

ஏப்ரல் 9

ஐயா அவர்களுக்கு,

சான்றிதழைக் கொடுத்தேன், மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கேளுங்கள். நான் அனுப்பியது தேனீ. என் அறை ஜன்னலில் செத்துக் கிடந்தது. முட்டையிட வந்த அந்த ஈயைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட எண்ணிவிடும். லென்ஸில் பார்த்தாராம்! பெட்டியைத் திறக்கவே உங்களுக்கு உடம்பு வணங்கவில்லை. உங்களைப் போய்ப் பெரிய மேதை என்று பீற்றிக்கொண்டேனே, வெட்கமாக இருக்கிறது. இதை வெளியே சொன்னால் போவது உங்கள் மானம்தான். இனி எனக்கு எழுத வேண்டாம்.

வனக்காவலர்

ஏப்ரல் 17

தங்கச்சி,

பெட்டியைத் திறந்தேன். லென்ஸிலும் பார்த்தேன். பழுப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடமாக இப்படித்தான். உன் கடிதத்தையே மூக்கில் ஒட்டிவைத்துத்தான் எழுத்துக்கூட்டுகிறேன். வருகிற பெட்டிக்கெல்லாம், அனுப்பியவர் சொன்ன பெயரையே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணிக்கும் தெரியாது. எடுத்தெறிந்து பேசினால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நீயும் கேட்கவில்லையே.

நாளைக்கு வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கிறேன். உன் சான்றிதழைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேன்.

அந்த ஈ அந்தரத்தில் நிற்கும்போது சத்தம் கேட்குமா? கேட்குமென்றால் எழுது, வருகிறேன்.

அண்ணன்