துரையின் பொம்மை ஏரோப்ளேன்

9 அக்டோபர் 1937, சனி

மழை. ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோரில் என் பழைய இன்ஜின் ஒழுங்காக ஓடியது. பதினொரு வருடமாக இந்தத் தோட்டத்தின் இன்ஜின் பிட்டர் நான்; நான்தான் ஓட்டுகிறேன். யாரும் கைதட்டியதில்லை.

துரைக்குச் சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே பொம்மை ஏரோப்ளேன். அதன் மூக்கில் நிஜமான பெட்ரோல் இன்ஜின், எலுமிச்சம்பழம் அளவு! பார்த்ததும் கை துறுதுறுத்தது. துரை அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லி வீரமுத்துவிடம் கொடுத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத லாரி டிரைவர். இங்கிலீஷ் பேசுவானாம். இன்ஜின் இங்கிலீஷிலா பேசுகிறது?

11 அக்டோபர்

ஸ்டோருக்கு வரப்போகும் புது டீசல் இன்ஜின் யார் பொறுப்பு என்று துரை இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் சொன்னார். "பிட்டர் நீங்க இருக்கீங்க அய்யாவு. ஆனா துரைக்கு அந்தத் தம்பி மேல ஒரு கண்ணு லா."

வயிறு எரிகிறது. அந்த டீசலுக்காக எத்தனை நாள் காத்திருக்கிறேன்! வீட்டுக்கு வந்தால் புஷ்பவள்ளியும், "வீரமுத்து நல்ல புள்ளைங்க" என்கிறாள். கட்டியவளுக்குமா? சோறு இறங்கவில்லை.

12 அக்டோபர்

பொம்மை இன்ஜின் நிற்காமல் ஓடியது. தோட்டமே கூடி நின்று பார்த்தது. நான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

13 அக்டோபர்

ஆயுத பூசை. வழக்கம்போல் நான்தான் செய்தேன். இன்ஜின், ஸ்பானர்கள், லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொம்மை இன்ஜினைத் தொட வீரமுத்து யாரையும் விடுவதில்லை. பூசையன்று யார் தடுப்பது? பெட்ரோல் டாங்கியின் மூடிதான் தட்டையாக இருந்தது. நடுவில் நன்றாக அப்பினேன். அவன் கும்பிட்டுக்கொண்டான்.

14 அக்டோபர்

பொம்மை இன்ஜின் பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடுகிறது! ப்ளக் மாற்றினான், நின்றது. காயில், பாட்டரி எல்லாம் பார்த்தான், நின்றது. இன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

15 அக்டோபர்

ஞாயிறன்று குளுவாங் கிளப் திடலில் அது பறந்தாக வேண்டுமாம். இல்லாவிட்டால் வீரமுத்து லாரியோடு சரி என்று துரை சொல்லிவிட்டார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்தான்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே தம்பி" என்றேன். சொன்ன பிறகு ரொம்ப நேரம் இனித்தது.

16 அக்டோபர்

தெரியாமலே இருந்திருக்கலாம். இன்று டாங்கியைத் திறந்து வைத்தபடி விசிறியைச் சுற்றினான், ஓடியது. மூடினான், நின்றது. அவன் கவனிக்கவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. காற்று போக மூடியில் ஊசித்துளை இருக்கும். காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளைமேல்தான் என் சந்தனப் பொட்டு, காய்ந்து கல்லாக. இன்ஜின் முழுக்கத் துடைத்தவன் அதை மட்டும் தொடவில்லை. சாமி பொட்டாயிற்றே.

வேணும்னு வைக்கல. சத்தியமா வேணும்னு வைக்கல. போய்ச் சொல்லலாம் — சொன்னால் டீசல் அவனுக்கு.

சொல்லவில்லை.

17 அக்டோபர்

திடலில் இரண்டு முறை நின்றது. வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். வீரமுத்து மூடியை வெயிலில் திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

பறந்தது. மரங்களுக்கு மேலே போய் வட்டமடித்தது. என்ன கோளாறு என்று துரை கேட்டார். "தூசி, சார்" என்றான்.

"மூணு நாள் ஒரு தூசி தெரியாது?" துரையின் முகம் சிவந்துவிட்டது.

18 அக்டோபர்

டீசல் எனக்கு. ஏன்டா உண்மையைச் சொல்லவில்லை என்று வீரமுத்துவைக் கேட்டேன்.

"பொட்டுன்னு சொன்னா அடுத்த வருசம் பூசையே வேணாம்னுருவாரு. உங்க பேரும் கெடும். விடுங்கண்ணே."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

20 அக்டோபர்

தூக்கமில்லை. கெட்டிக்காரனாக இருக்கட்டும், நல்லவனாகவுமா இருக்க வேண்டும்? இதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே!

23 அக்டோபர்

நாளைக் காலை பொட்டு விஷயத்தைச் சொல்ல துரை பங்களாவுக்குப் போகிறேன். புஷ்பவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

2 அக்டோபர் 1938, ஞாயிறு

ஆயுத பூசை. மூடிகளில் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது என்பது துரை உத்தரவு. பழைய இன்ஜினுக்கு நான் வைத்தேன். டீசல் இப்போது வீரமுத்து பொறுப்பு; அதற்கு அவன் வைத்தான். கும்பிட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேன். பிசிறில்லாத ஓட்டம். வயிறு எரியத்தான் செய்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.