காலை எழுத்தும் மாலை எழுத்தும்

உங்கள் சட்டைகளைப் போன சனிக்கிழமைதான் வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். நீங்கள் போன பிறகு இரண்டு வருடமாகப் பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தவை. நம் வாசலிலேயே ஒன்றைப் போட்டுப் பார்க்க அவருக்கு ஆசை. நெஞ்சுப் பக்கம் பிடித்து இழுத்ததும் ‘பர்ர்’ என்று ஒரு சத்தம். கிழித்துவிட்டோமோ என்று பயந்து, “நேனு ஏமி சேயலேதம்மா” என்றார், தான் ஒன்றும் செய்யவில்லை என்று தெலுங்கில். வாங்கிப் பார்த்தேன். கிழியவில்லை. பட்டன்களை எல்லாம் மேல்பட்டையிலேயே வரிசையாகத் தைத்திருந்தது, சும்மா பார்வைக்கு. ஓட்டைகளை நூலால் அடைத்திருந்தது. உள்பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவில் வருமே, ஒட்டிப் பிரிக்கும் பட்டை, அது துண்டு துண்டாக. மற்ற ஐந்து சட்டைகளையும் பிரித்தேன். எல்லாவற்றிலும் இதே வேலைதான்.

பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை என்று தோண்டி எடுக்கும் குழுவுக்குத் தலைவி. புருஷன் சட்டையில் பட்டன் பொய் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. துவைப்பது, காயப்போடுவது, இஸ்திரிக்காரரிடம் கொடுப்பது எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். “ஏழு மணிக்கு கேப் வந்துரும், நீ கிளம்பும்மா” என்பீர்கள். அதை அன்பு என்றுகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபாக்டரியில் வெட்டியாக உட்கார்ந்துவிட்டு வருபவர் செய்யட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சனத்நகர் மார்க்கெட் சந்தில் உங்கள் தையல்காரரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார். தன் கைவேலை அவருக்குத் தெரியாதா என்ன! “பேகம் கோ நக்கோ போலோ போலே சாப்” என்றார். வீட்டம்மாவிடம் சொல்லாதே என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்களாம். நம் இருவருக்கும் காய்ச்சல் வந்த வருடத்துக்கு அடுத்த ரம்ஜான் அது. ஊரே புதுத்துணி தைக்க வரிசையில் நிற்க, உங்கள் ஆறு சட்டைகளை முதலில் முடித்துக் கொடுத்தாராம். “சாப் கா ஹாத் தேக்கே நை ஹோயா, அம்மா.” பட்டன் போட முடியாத உங்கள் கையைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லையாம். நாலே தடவை உங்களைப் பார்த்த மனிதர் அவர்.

அந்த மழைக்காலத்தில் நம் தெருவில் சிக்குன்குன்யா நுழையாத வீடு இல்லை. ஆணும் பெண்ணும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தார்கள். நமக்கும் வந்தது. ஒரே வீடு, ஒரே வாரம், ஒரே கொசுவாகக்கூட இருந்திருக்கும். மூன்றாவது வாரம் நான் கேப் ஏறிவிட்டேன். மூன்றாவது மாதமும் உங்களால் காலையில் பல்தேய்க்கும் பேஸ்டைப் பிதுக்க முடியவில்லை; மாலையானால்தான் விரல் மடங்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்ததால்தான் தெரியாமல் போயிற்று. எனக்குப் போன மாதிரி உங்களுக்கும் போயிருக்க வேண்டும், போகவில்லை என்றால் நீங்கள் விடவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் ஃபாக்டரி டூல் ரூமில் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர். மைக்ரோமீட்டரின் திருகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டும் தொடாமலும் திருப்பி, தலைமுடிப் பருமனில் பாதி வித்தியாசத்தைக்கூடச் சொல்லிவிடுவீர்கள். “அளக்கிறதுக்கு முன்னாடி பேசக்கூடாதும்மா” என்பது உங்கள் வேதவாக்கு. காய்ச்சலுக்குப் பிறகு காலை ஷிஃப்டில் அந்தத் திருகு உங்கள் விரலுக்கு அடங்கவில்லை. இரண்டு தடவை அளவு தப்பி, அனுப்பிய சாமான் திரும்பி வந்ததும், உங்களை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அன்று மாலை நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சொன்னேன்: “கொசு கடிச்சதுக்கு உத்தியோகத்தையே தொலைச்ச ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தாங்க.”

மரியாதையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ‘ங்க’ போட்டுத்தான் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், விருதுநகர், சாத்தூர். அவர்கள் முன்னால் ஒருநாள் சொன்னேன்: “எனக்கு ரெண்டு புருஷன்ப்பா. காலைல ஒருத்தர், எழுபது வயசு. சாயங்காலம் ஒருத்தர், முப்பது வயசு. சம்பளம் மட்டும் ஒருத்தருக்குத்தான்.” வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். அதையும் ஒருவன் ‘சார் பூஜைக்குக் கொண்டுபோற மாதிரி கொண்டுவர்றாரே’ என்றான். அதற்கும் சிரித்தோம்.

நம் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூட பஸ் வரும் நேரம், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கச் சொல்லி உங்களிடம் நீட்டினாள். நீங்கள் சட்டை நுனியால் பிடித்துத் திருகிப் பார்த்தீர்கள். முடியவில்லை. “டாடி, நாடக் நக்கோ கரோ” என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நாடகம் என்ற சொல்லை நம் வீட்டில் யார் புழங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெருப் பாஷைக்கு மாற்றியது மட்டும்தான் அவள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து அவள் விட்டுப்போன ரிப்பனை எடுத்தீர்கள்.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யார் என்ன புகார் சொன்னாலும், உட்கார்ந்து அதை மறுபடி வரவழைத்துப் பார்ப்போம். வந்தால் அது பிழை. வராவிட்டால் ‘மறுபடி வரவில்லை’ என்று எழுதி மூடிவிடுவோம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒரு நோட்டைக் கொடுத்து, பதினைந்து நாளைக்குக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எங்கே வலி, எவ்வளவு வலி என்று உங்களை எழுதச் சொன்னேன். அளப்பதை மதிக்கிற மனிதர் நீங்கள். “நல்ல யோசனைம்மா” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்தது. கடைசியில் இவள் கேட்கப்போகிறாள் என்று நம்பினீர்கள்.

நான் படித்தது முரண்பாடு பிடிப்பதற்காக. செவ்வாய் காலை மணிக்கட்டு, புதன் காலை கணுக்கால், வியாழன் காலை தோள். “வலியா, ஆர்.டி.சி. பஸ்ஸாங்க? தினம் ஒரு ஸ்டாப்ல நிக்குது?” என்றேன். ஞாயிறு மத்தியானம் கேஸ் சிலிண்டரை நீங்களே உருட்டி வைத்ததை ஓரத்தில் குறித்துச் சேர்த்தேன். “காலைல எழுதறதையாவது ஒழுங்கா எழுதக்கூடாதா? கோழி கிளறின மாதிரி இருக்கு” என்று எழுத்தையும் திட்டினேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், ‘மறுபடி வரவில்லை. மூடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். அட்டையை மூடி என் கையில் கொடுத்தீர்கள்.

“சரிம்மா. மூடியாச்சுல்ல, விடு.”

அதற்குப் பிறகு வலி என்ற பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாலு வருடம். ஆபீஸில் இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லியிருக்கிறேன். தையல்காரர் சொன்ன ரம்ஜான், நோட்டை மூடிய அடுத்த மாதம்.

தையல்காரரிடமிருந்து வந்ததும் பரணில் ஏறி அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை நீங்கள் எழுதியதைப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தேன். மாலை எழுத்தெல்லாம் நீங்கள் டூல் ரூமில் எழுதுகிற அதே எழுத்து, அச்சுப் போட்ட மாதிரி. காலை எழுத்து, பேனாவைப் பிடிக்கத் தெரியாத குழந்தையின் எழுத்து. ‘விரல்’ என்ற சொல்லில் ‘ர’ கோட்டைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. ஓரிடத்தில் காகிதம் குத்திக் கிழிந்திருக்கிறது. பதினைந்து காலையும் இப்படித்தான். நான் மறுபடி வரவில்லை என்று எழுதியது, பதினைந்து தடவை வந்திருக்கிறது, என் கண்ணுக்கு நேராக. எனக்கு என் மீதே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

இப்போது என் குழுவில் ஒரு பையன், டெங்கு வந்து எழுந்தவன். இரண்டு மாதமாகியும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வந்தான். அவன் முடிப்பதற்குள், “வீட்லேர்ந்தே வேலை பாரு, போ” என்றேன். மேடம் ரொம்ப நல்லவங்க என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம்.

நீங்கள் ஸ்டோர்ஸில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். வருடக்கணக்கில் தின்ற வலி மாத்திரை வயிற்றை அரித்துப் புண்ணாக்கிவிட்டது என்றார்கள். என்ன மாத்திரை, அவர் எதுவும் தின்பதில்லையே என்று நான் சண்டை போட்டேன். காரியம் முடிந்த பிறகு, உங்களோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் மேஜை டிராயரைக் காலி செய்து ஒரு துணிப்பையில் கொண்டுவந்து வைத்தார்கள். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடும், ஒரு சீப்பும், மிச்சமெல்லாம் காலி மாத்திரை அட்டைகளும். சிலவற்றைப் பல்லால் கடித்துப் பிரித்திருந்தீர்கள்.

ஆனால் அதற்கும் நாலு மாதம் முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. வயிறு எரிகிறது, நடந்தால் களைப்பாக இருக்கிறது என்றீர்கள். முகம் வெளுத்திருந்தது. அரை நாள் லீவு போட வைத்துவிட்டீர்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு, நான்தான் ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல டாக்டர். பொறுமையாகக் கேட்டார். மூட்டு வலி ஏதாவது உண்டா, வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா, எத்தனை நாளாக என்று கேட்டார்.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் முகத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

“எப்பவாச்சும் ஒண்ணு போடுவேன் சார். மத்தபடி வலியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றீர்கள்.

டாக்டர் வாயுவுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த நிமிடம் நீங்கள் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளே எப்படி இருந்தது என்று தெரியும். அப்பாடா, மனிதர் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.