பட்டியலில் ஏழாவது பெயர்

ஓகஸ்ட் 19, 2025, செவ்வாய்

உறுதியானது: என் கனடியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. ஆதாரம்: தபாற்காரி. காலை 10.40க்குக் கையொப்பம் வாங்கிக்கொண்டு தந்தாள்.

நாற்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்தில் நிருபராக இருந்தவனுக்கு இந்தப் பழக்கம் விடாது. முதலில் நடந்தது, அடுத்த வரியில் சொன்னது யார்.

பிரெஞ்சு பேசும் இந்தக் கனடிய நகரத்துக்கு மகள் பிரஷாந்தினியிடம் வந்து ஏழு பனிக்காலம் போய்விட்டது. பிரெஞ்சு வகுப்பில் இரண்டு தடவை சித்தியடையவில்லை. மூன்றாம் தடவை ஆசிரியை இரக்கப்பட்டிருக்க வேண்டும். மருமகன் ரதீசன் பின்னேரமே பட்டியல் போட்டுவிட்டான்: மாத முடிவில் அமெரிக்காவில் பேர்லிங்டன், அடுத்த கோடையில் சென்-பியர். "மாமா, கடலுக்கை ஒரு துண்டு பிரான்ஸ் கிடக்கு. வார இறுதியில போட்டு வரலாம்."

எங்கள் ஊரில் பக்கத்து நாடு என்றால் உயிர் தப்ப வள்ளம் ஏறுகிற இடம். நீந்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிற இடமல்ல. இனிப் பழக வேண்டும்.

மத்தியானம் றெஜினா தொலைபேசியில் கூப்பிட்டாள். நேரில் வந்து ஒரு உதவி கேட்க வேண்டுமாம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

றெஜினா ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். மன்னார்ப் பக்கம். நாற்பத்தெட்டு வயது. கணவன் சவிரிமுத்து கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். 2009 ஏப்ரலில் வன்னியில் இறந்தார் என்று செய்தி போட்டவன் நான். பத்தொன்பது பேரின் பட்டியலில் ஏழாவது பெயர்.

அவளோடு இரவிச்சந்திரன் வந்திருந்தார். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. சப்பாத்தைக் கழற்றி, என் பேத்தியின் சப்பாத்தையும் சேர்த்து நேராக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒக்ரோபர் 25 இருவருக்கும் மாதா கோயிலில் கலியாணம். மரணச் சான்றிதழ் என் செய்தியை வைத்தே எடுக்கப்பட்டது. அதனால் சவிரிமுத்து இறந்தது உறுதியென்று பாதர் என்னிடமிருந்து ஒரு சத்தியக் கடிதம் கேட்கிறார். செப்ரெம்பர் முடிவுக்குள்.

செய்தி நறுக்கைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். என் வசனத்தை நானே வாசித்தேன். "இரு வேறு வட்டாரங்களால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது."

"ஓம் பிள்ளை, எழுதித் தாறன்" என்றேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

கடிதம் எழுத இருந்தேன். திகதி போட்டேன். அதற்கு மேல் போகவில்லை.

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். இரு வேறு வட்டாரங்கள் இருக்கவில்லை. ஒன்று, போர்ப் பகுதிக்குள் இருந்த கோயில் உபதேசியார் நீக்கிலாப்பிள்ளை. செய்மதித் தொலைபேசியில் மூன்று நிமிடம். மற்றது எங்கள் வவுனியா நிருபர். பெயர்களை முதலில் தந்தது அவர்தான். இரண்டும் பொருந்திவிட்டதென்று அச்சுக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவருக்கும் சொன்னது நீக்கிலாப்பிள்ளைதான். ஒரே வாய். இரண்டு காது.

ஏன் திருத்தம் போடவில்லை? அந்த மாதம் யார் ஒரு பெயரைப் பார்த்தார்கள்? ஆயிரக்கணக்கில் — இல்லை. அது காரணமில்லை. திருத்தம் போட்டால் மற்றப் பதினெட்டுப் பேரையும் கேட்பார்கள் என்று பயந்தேன்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

வவுனியா நிருபர் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். அழைத்தேன். நீக்கிலாப்பிள்ளை உயிரோடிருக்கிறாராம். அகதியாக மலேசியா போய், அங்கிருந்து அமெரிக்கா. பேர்லிங்டனுக்குப் பக்கத்தில் மகளோடு. விலாசம் தந்தார்.

பேர்லிங்டன். ரதீசன் போட்ட பட்டியலின் முதல் ஊர்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

போய் வந்தாயிற்று.

எல்லைச் சாவடி வரிசையில் நின்றபோதுதான் ஆட்டிறைச்சி கொண்டுபோகக் கூடாதென்று பிரஷாந்தினி தொலைபேசியில் வாசித்தாள். பெட்டிக்குள் பதினான்கு மட்டன் ரோல்ஸ். "எறிய விடமாட்டன், தின்னுங்கோ" என்றான் ரதீசன். வரிசை நகர நகர நான்கு பேரும் தின்று முடித்தோம். அதிகாரி என்ன தொழில் என்று என்னைக் கேட்டபோது வாய் நிறைய ரோல்ஸ். ரிட்டையர்ட் என்று ரதீசனே சொன்னான். பேத்தி பின்னால் இருந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

ஏரி பெரியது. மறுகரையில் மலை. பேத்தி உதடு நீலமாகும்வரை நீந்தினாள். கரையில் ஒருவர் காற்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார், முதுகு மட்டும் தெரிந்தது. ஐம்பத்தேழு வயது இருக்கும். சவிரிமுத்து இருந்தால் அந்த வயது. நான் எழுந்து பக்கவாட்டில் நடந்துபோய் முகத்தைப் பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரர். வெயிலில் கறுத்திருந்தார்.

நேற்றுப் பின்னேரம் விலாசத்தைத் தேடிப் போனோம். மஞ்சள் வீடு. வாசலில் மிளகாய்ச் செடி வைத்த வாளிகள். ரதீசன் காரை நிறுத்தினான். நான் இறங்கவில்லை. ஆள் இல்லைப் போல, விடு என்றேன். உள்ளே தொலைக்காட்சி வெளிச்சம் அசைந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

வாசல் வரைக்கும் போய்த் தட்டாமல் திரும்பியது என் தொழிலில் இதுதான் முதல் தடவை.

செப்ரெம்பர் 5, வெள்ளி

றெஜினா கேட்டாள், கடிதம் முடிந்ததா என்று. பிரெஞ்சில் மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டுமாம். வருகிறது என்றேன்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

மெட்ரோ மஞ்சள் பாதையில் எதிரே ஒருவர். அதே நெற்றி. ஆற்றுக்கு அடியில் ரயில் போகிற நேரம் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். ஜான்-டலோன் சந்தையிலும் இப்படித்தான், போன கிழமை. தக்காளி நிறுத்தவரை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சவிரிமுத்துவை நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூட நேரில் கண்டதில்லை. செய்தி நறுக்கோடு றெஜினா வைத்திருந்த படம்தான். பிறகு எப்படி எல்லா இடத்திலும் அடையாளம் காண்கிறேன்?

செப்ரெம்பர் 14, ஞாயிறு

நேற்று ரதீசனோடு மட்டும் போனேன். அவன் காரில் இருந்தான். தட்டினேன்.

நீக்கிலாப்பிள்ளைக்கு எழுபத்தொன்று. பல் கட்டியிருக்கிறார். என் குரலைக் கேட்டதும் "பேப்பர்க்காரர்" என்றார். பதினாறு வருடத்துக்கு முன் மூன்று நிமிடம் கேட்ட குரல். தேத்தண்ணி வந்தது. முதலில் மிளகாய்ச் செடி, பிறகு முழங்கால் வலி. பிறகு கேட்டேன்.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். பங்கருக்குள் ஷெல் விழத் தொடங்கிய பிறகு சனம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கோயில் ஆளிடம் கொடுத்துவைத்தது. தான் செத்தாலும் பேர் தெரியட்டும் என்று. நீக்கிலாப்பிள்ளை இடுப்பில் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கட்டி அறுபது எழுபது அட்டை சுமந்தார். அதற்குள் உயிரோடிருந்தவர்களின் அட்டையும் இருந்தது, இல்லாதவர்களின் அட்டையும் இருந்தது. சவிரிமுத்துவின் அட்டை சவிரிமுத்துவே கொடுத்தது.

"நீங்கள் போனில என்ன கேட்டனீங்கள் எண்டு எனக்கு நல்ல ஞாபகம். பேரைச் சொல்லி, அட்டை உங்களிட்டயோ எண்டு கேட்டனீங்கள். ஓம் எண்டன். பிறகு அடுத்த பேர். செத்திட்டாரோ எண்டு கேக்கேல்லை."

மனேஜர் சவிரிமுத்து செத்தாரா என்று இப்போது கேட்டேன். பதினாறு வருடம் பிந்தி.

"எனக்குத் தெரியாது. மே பதினேழு கடைசியா வெளிய வரேக்கை, ஆமிக்காரங்கள் ஆம்பிளையளைப் புறம்பா ஒரு வரிசையில விட்டாங்கள். அதுக்கை நிண்டவர். பஸ்ஸில ஏத்தினவங்கள். கை காட்டினவர்."

என் செய்தி ஏப்ரல் 27. அவர் கைகாட்டியது அதற்குப் பிறகு, இருபதாம் நாள்.

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்டேன். கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முகாமில உங்கட பேப்பர் கைக்கு வந்தது. பேர் இருந்தது. ரெண்டு பேர் உறுதிப்படுத்தினது எண்டு போட்டிருந்தியள். அச்சில வந்திட்டுது. அப்ப நான் கண்டது வேற ஆரோவாக்கும் எண்டு நினைச்சன்."

கண்ணால் கண்டவர் தன் கண்ணை நம்பவில்லை, என் அச்சை நம்பினார். அந்த இரண்டு பேரில் ஒருவர் தான் என்றும், மற்றவரும் தான்தான் என்றும் அவருக்குத் தெரியாது.

 திரும்பும் வழியில் பாலம் ஏறும்போது ரதீசன் "சாப்பிடேல்லையே மாமா" என்றான்.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

பிரஷாந்தினிக்குச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "இப்பதானப்பா அந்த மனுசி சிரிக்குது. பஸ்ஸில ஏறினவை ஆர் திரும்பி வந்தவை? நீங்கள் எழுதினது பிழையா இருந்தாலும் முடிவு அதுதானே. கடிதத்தைக் குடுங்கோ."

முடிவு அதுதானா? யார் உறுதிப்படுத்தியது?

மற்றப் பெண்கள் காணாமற்போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தார்கள். வருடக்கணக்கில். நானே போய்ச் செய்தி எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் றெஜினா ஒரு நாளும் இருக்கவில்லை. அவளுக்குத் தேட ஆள் இல்லை. ஆள் இல்லை என்று நான் எழுதியிருந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்தாள், கறுப்பு உடுத்தாள், மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். தேடியிருந்தால் கிடைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. தேடவே விடவில்லையே.

செப்ரெம்பர் 18, வியாழன்

கடிதம் எழுதவில்லை.

செப்ரெம்பர் 20, சனி

லொங்குய்க்குப் போனேன். றெஜினா தனியே இருந்தாள். கலியாணத்துக்குச் சேலை வந்திருந்தது, கதிரையில் விரித்திருந்தாள், பாருங்கோ அண்ணை என்றாள். பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, ஒன்றும் மெருகிடாமல். மன்னிப்பு என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அது வாயில் வரவில்லை.

அவள் அழவில்லை. திட்டவில்லை. திட்டினால் நல்லம் என்று இருந்தது எனக்கு. சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

"என்ன போட்டிருந்தவர்?"

எனக்கு விளங்கவில்லை.

"பஸ்ஸில ஏறேக்கை. என்ன உடுப்பு? கையில என்ன? காயம் ஏதும் இருந்ததோ?"

நான் அதை நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்கவில்லை.

"அதையும் கேக்கேல்லையோ அண்ணை" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

நீக்கிலாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். போனில் சொல்லமாட்டாராம். "போனில சொல்லித்தானே இவ்வளவும். மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

செப்ரெம்பர் 30, செவ்வாய்

பாதருக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். கொடுக்கவில்லை. றெஜினாவும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 4, சனி

இரவிச்சந்திரன்தான் காரோட்டினார். லீவு எடுத்து, எண்ணெய் அடித்து, றெஜினாவுக்கு முதுகுக்குத் தலையணை வைத்து. வழியெல்லாம் மரங்கள் சிவந்து கிடந்தன. இலை பார்க்கப் போகிற கார்கள் நிறைய. சாவடியில் அதிகாரி, வார இறுதிப் பயணமா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினோம்.

நீக்கிலாப்பிள்ளை சட்டை மாற்றி, தலை இழுத்து வாசலில் நின்றார். நான் பேசவில்லை. றெஜினாவும் கேள்வி எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவராகச் சொன்னார். இடுப்பில் சாரம். மேலில் ஒன்றுமில்லை. இடது காலை இழுத்து நடந்தார். நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, நீலம், முன்பக்கமாகப் போட்டிருந்தார். பையின் சிப் பழுதாகி, சட்டை ஊசி குத்தியிருந்தது.

"எத்தினை ஊசி?" அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"மூண்டு."

"நான்தான் குத்தினனான்" என்றாள்.

இரண்டு வட்டாரங்கள். ஒன்றோடொன்று பதினாறு வருடம் பேசியிராதவை. இந்தத் தடவை உறுதி.

இரவிச்சந்திரன் எழுந்து வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். சாய்ந்து கிடந்த மிளகாய் வாளி ஒன்றை நிமிர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். திரும்பி வந்து எல்லை தாண்டினோம். பிறகு அவர் கண்ணாடியில் பார்க்காமல், வீதியைப் பார்த்தபடி சொன்னார்: "மண்டபக்காரரோட நான் கதைக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

றெஜினா தலையை மட்டும் அசைத்தாள். ஒத்திவைப்பா, நிறுத்துவதா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

உறுதியானது: காணாமற்போனோரைத் தேடித்தரக் கேட்கும் படிவத்தை றெஜினா இன்று காலை செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆதாரம்: நான் பக்கத்தில் இருந்தேன்.

அனுப்புமுன் சரிபார்க்கச் சொன்னாள். கடைசியாகக் கண்டவர்: நீக்கிலாப்பிள்ளை. உடை, பை, ஊசி, கால், எல்லாம் இருந்தன. முன்பு கிடைத்த தகவல் என்ற இடத்தில் "இறந்துவிட்டார்" என்று எழுதி, தகவல் தந்தவர் என்பதற்கு எதிரே என் முழுப்பெயரை எழுதியிருந்தாள். செய்தித்தாளின் பெயரும் திகதியும். பிழை ஒன்றும் இல்லை. சரி என்றேன்.

நிலுவையில்: முதற் பதில், மூன்று மாதத்தில், ஜனவரி முதற் கிழமையளவில். கலியாணம், திகதி இல்லை. பட்டியலில் மற்றப் பதினெட்டுப் பெயர். நாளை முதலாவது பெயரிலிருந்து தொடங்குகிறேன், எவ்வளவு காலம் என்று தெரியாது.

றெஜினாவின் மகன். அந்தப் பையின் சொந்தக்காரன். இருபத்திரண்டு வயது, ஒட்டாவாவில் படிக்கிறான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நன்றி நாள் விடுமுறைக்குச் சனிக்கிழமை வருகிறான். பஸ் பின்னேரம் 4.15.

என்னையும் வரச்சொல்லியிருக்கிறாள். தான் சொல்லமாட்டாளாம். நான்தான் சொல்ல வேண்டுமாம்.